பனி ஏன் சரிகிறது?



ஆல்ப்ஸ் மலைநாட்டில் பனி சரிந்து ஊரை மூடினால், அது சூனியக்காரியின் வேலையென்று முற்காலத்தில் நம்பினார்கள். நாம் கேட்பதெல்லாம், பனி ஏன் சரிகிறது என்பதேயாகும்.

பனி அடுக்கடுக்காகப் படிவது. அடியிலுள்ள ஓர் அடுக்கு சர்க்கரையைப் போலப் பொலபொலவென்றிருக்க, அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பனி பலகையாக இறுகிவிட்டால், அப்பலகைக்குப் பிடிப்பு ஏது? மலைச்சரிவு 30 டிகிரிக்கு மேலிருந்தால், புதுப் பனியின் பாரமோ, ஒரு மனிதன் கால் வைப்பதோ போதும். அடியடுக்கு நொறுங்கி, பலகை பிளந்து ஓடி வரும். கூச்சல் போட்டால் சரியும் என்பது வெறும் கட்டுக்கதை.

1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். அந்நாட்டார் என்ன செய்தார்கள்? டாவோஸ் ஆராய்ச்சி நிலையத்தார் பனியை வெட்டி அடுக்கடுக்காகச் சோதித்தார்கள். மலைமேல் எஃகுத் தடுப்புகள் நிறுத்தப்பட்டன. ஆபத்தான நாளில் சாலைகளை அடைத்து, ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள்.

1999 பிப்ரவரியில் மறுபடியும் பெரும்பனி கொட்டிற்று. அதற்குள் மலையில் ஜனநடமாட்டம் பன்மடங்கு பெருகியிருந்தும், வீடுகளிலும் சாலைகளிலும் மாண்டவர் 17 பேர். அந்தப் பதினேழும் குறையவேண்டுமானால் இன்னும் அதிகமாக அறியவேண்டுமேயொழிய, வேண்டுதல் போதாது. மற்றவர்களைக் காத்தது மந்திரமா, அறிவா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.