பாதி டிக்கெட்டைக் கொடு, வழியை விடு!

(அம்பத்தூர் ஓ.டி.யில் பெண் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பஸ் மாறி வந்த அம்மாமார்களே, டீக்கடை ஓரமாக நின்று கேட்கும் ஐயாமார்களே!

வேறு விஷயம் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் போன வாரம் ஒரு ரிசர்வேஷன் வரிசையில் கேட்டதை இங்கே கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முன்னால் நின்றவர் அறுபது வயது அம்மா. காலமெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்து அடுத்தவன் சட்டைக்குக் காலர் தைத்தவர். கன்னியாகுமரிக்கு ஒரு டிக்கெட் கேட்டார். “சீனியர் சிட்டிசன் சலுகை உண்டாப்பா?” “அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சும்மா.” அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பின்னால் நின்ற ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்தார்: “இந்த வயசுல தனியா எதுக்கும்மா ஊர் சுத்தணும்? பேரப் பிள்ளைங்க இல்லியா?” வரிசையே சிரித்தது.

சிரியுங்கள். நான் கணக்கு கேட்கிறேன்.

2020 மார்ச் 20க்கு முன்னால், 58 வயதான பெண்ணுக்கு ரயில் கட்டணத்தில் 50 சதவீதம் சலுகை. 60 வயதான ஆணுக்கு 40 சதவீதம். கொரோனா என்று சொல்லி எடுத்தார்கள். கொரோனா போயிற்று, முகக்கவசம் போயிற்று, ரயில் எல்லாம் ஓடுகிறது. நம்முடைய பாதி டிக்கெட் மட்டும் இன்னும் குவாரன்டைனில் இருக்கிறது! (சிரிப்பு)

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது ரயில்வேயே சொன்ன கணக்கு: சலுகையை எடுத்ததால் ஐந்து ஆண்டில் மூத்தவர்களிடமிருந்து கூடுதலாக வந்தது 8,900 கோடிக்கு மேல். கிழவன் கிழவி மடியை அவிழ்த்து எடுத்த காசு! கேட்டால், “எல்லாருக்குமே மானியத்தில்தான் ரயில் விடுகிறோம்” என்கிறார்கள். எல்லாருக்கும்தான் இலை போட்டேனே, உனக்குச் சோறு எதற்கு என்கிற நியாயம் இது.

58 என்ன வயசு தெரியுமா? பி.எஃப். பென்ஷன் தொடங்குகிற வயசு. இந்த எஸ்டேட்டில் தேய்ந்து ஓய்ந்து வெளியே வருகிறவளுக்குக் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். 2014ல் வைத்தது! அதில் முழு டிக்கெட் எடுத்துக் கன்னியாகுமரி போய்த் திரும்பினால், ஊரில் இறங்கிக் காப்பி குடிக்க மிச்சம் என்ன இருக்கும்? பாதி டிக்கெட்டைப் பறித்ததும், “எதுக்கும்மா ஊர் சுத்தணும்” என்று சிரித்ததும் ஒரே வேலைதான். ஒருவன் காசைப் பிடுங்கினான், இன்னொருவன் மானத்தைப் பிடுங்கினான்.

“தனியாகப் போனால் பாதுகாப்பு இல்லையே” என்று உருகுகிறார்கள். அடேயப்பா! ராத்திரி ஷிப்டு முடிந்து, லைட் எரியாத எஸ்டேட் ரோட்டில் அவள் தனியாக நடந்து வந்தாளே, அப்போது எங்கே போயிருந்தது இந்தக் கரிசனம்? சம்பளம் கொண்டுவர என்றால் தனியாகப் போகலாம். கடல் பார்க்க என்றால் கூட ஆள் வேண்டுமா?

“குடும்பத்தோடு டூர் போகலாமே” என்பார் இன்னொருவர். போயிருக்கிறோம் ஐயா! குற்றாலத்தில் எல்லாரும் அருவியில் நிற்பார்கள். இவள் பத்துப் பை, ஏழு செல்போன், ஈரத் துண்டு, புளியோதரைத் தூக்கு எல்லாவற்றுக்கும் காவல். இவள் முறை வரும்போது, “வண்டி எடுக்கணும், சீக்கிரம் ஏறு” என்பார்கள். தலை நனையாமல் குற்றாலம் போய் வந்த பெண்கள் எத்தனை பேர் இங்கே? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா ஐயா!

பெண் தனியாகப் போவது மேல்நாட்டுப் பழக்கமாம். இதோ நம்ம அரக்கோணம் லைனில் திருவாலங்காடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. புருஷன் துணையில்லாமல் கயிலாயம் வரைக்கும் போன காரைக்கால் அம்மையார் கடைசியில் வந்து சேர்ந்த ஊர் அது. கோயிலில் அறுபத்து மூவர் வரிசையைப் பாருங்கள், மற்றவர்கள் நிற்பார்கள், அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பார். கும்பிட்டு விபூதி பூசிக்கொள்கிறீர்கள். அதே அம்மா இன்றைக்கு லாட்ஜில் ரூம் கேட்டால், “வீட்டுக்காரர் வரலியா?” என்பீர்கள்! (கைதட்டல்)

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் யாரையும் கேட்காமல் போய் வருகிற அம்மாக்கள் எத்தனை பேர்! உடனே அதற்கும் ஒரு பட்டம், “ஓசி”. யாருடைய ஓசி? நீ முப்பது வருஷம் தின்ற சோற்றுக்குக் கூலி கொடுத்தாயா?

ரயில்வேக்காரர்களின் கூத்தைக் கேளுங்கள். 45 வயதான பெண் தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுத்தால் கீழ் பெர்த்துக்குத் தனிக் கோட்டா உண்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரே டிக்கெட் போட்டால் அந்தக் கோட்டா கிடையாது. அதாவது, 45 வயதுப் பெண் தனியாக வருவாள் என்று ரயில்வே கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. வரிசையில் நின்ற பெரிய மனிதருக்குத்தான் தெரியவில்லை. கீழே படுக்க இடம் கொடுக்கிறாய், மகராசா, சந்தோஷம். ஏறி வரப் பாதி டிக்கெட்டைக் கொடு!

மேடைக்கு இடது பக்கம் மேசையில் மனு இருக்கிறது. 58 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பாதி டிக்கெட் திரும்ப வேண்டும், அந்த ஒரே கோரிக்கைதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். “வீட்டில் கேட்டுச் சொல்றேன்” என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதோ டீக்கடையில் நிற்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், அவர் உங்களைக் கேட்டுவிட்டா வந்தார்? வாருங்கள், பேனா இருக்கிறது.