சம்பளப் பட்டியலில் ஒரு நாள்

(பட்டிமன்றத் தலைப்பு: அரசு அலுவலகங்களில் திரட்டப்படும் நன்கொடையில் மேலோங்கி நிற்பது மனிதநேயமா? கட்டாயமா? ‘கட்டாயமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை. இடம்: அதியமான்கோட்டை)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கிற வள்ளல்களே, என் அணியிலே இருக்கிற உண்மை விளம்பிகளே, (சிரிப்பு) வீட்டிலே பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசின தம்பி அருமையாகப் பேசினார். “அரசு ஊழியர் மனசு தங்கம். புயல் வந்தது, வெள்ளம் வந்தது என்று சொன்னவுடனே ஒரு நாள் சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்” என்றார். தம்பி, அவர் தூக்கிக் கொடுக்கவில்லை. இவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

வீட்டிலே என்ன நடக்கிறது? மாசம் பிறந்ததும் அம்மா கேட்கிறாங்க. “ஏங்க, சம்பளத்துல ஆயிரத்துச் சொச்சம் குறையுதே?” இவர் சொல்கிறார், “நிவாரண நிதிக்குக் கொடுத்தேன்மா.” “யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?” “அடிப் போடி, என்னைக் கேட்டிருந்தாத்தானே நான் உன்னைக் கேட்க முடியும்!” (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீங்க. நான் சிரிக்க முடியாதவன். ஏன்னா அரசு அலுவலகத்திலே பில் எழுதுற கிளார்க்காக இருந்தவன் நான். அந்தப் பட்டியலைக் கையிலே தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனவன். அதனாலே எதிரணியைத் திட்ட நான் இங்கே வரவில்லை. என்னைப் பற்றியும் சேர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலிலே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்த முறையிலே வசதி இருக்கிறது. உண்டியல் குலுக்க வேண்டாம், தெருத் தெருவாகப் போக வேண்டாம். சங்கங்கள் கூடி ஒரு நாள் சம்பளம் தருகிறோம் என்று அறிவிக்கும். அரசாணை வரும். சம்பளம் வாங்கி வழங்கும் அலுவலர் பட்டியலிலே ஒரு பிடித்தம் போடுவார். கருவூலத்திலிருந்து நேரே நிதிக்குப் போய்விடும். வசூல் செலவு என்று தனியாக எதுவும் கிடையாது. சிறு துளி பெருவெள்ளம் என்பார்களே, அது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். 1948-லே, பிரிவினையில் வீடு வாசலை விட்டு ஓடி வந்த மக்களுக்காகப் பிரதமர் நேரு தேசிய நிவாரண நிதியை ஆரம்பித்தார். அன்றிலிருந்து சாதாரண மனிதன் கொடுத்த காசு எத்தனையோ குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. 2004 டிசம்பரிலே சுனாமி வந்தபோது சம்பளத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், அரிசி மூட்டையோடு நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறினவர்களும் உண்டு. இதை யார் மறுப்பார்?

ஆனால் நடுவர் ஐயா, இன்றைய கேள்வி பணம் சேருகிறதா என்பது அல்ல. கொடுக்கிறவன் மனசார ‘சரி’ என்று சொன்னானா என்பதுதான் கேள்வி. ‘இல்லை’ என்று சொல்ல வழியே இல்லாத இடத்திலே ‘சரி’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? (கைதட்டல்)

கொடி நாளை எடுத்துக்குங்க. 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி. போரிலே உயிர் கொடுத்தவர் குடும்பம், கை கால் இழந்த வீரர், ஓய்வு பெற்ற படைவீரர் இவர்களுக்கான நிதி. இதைவிட நல்ல காரியம் உண்டா? சட்டையிலே அந்தச் சின்னக் கொடியைக் குத்திக்கொண்டால் நெஞ்சு நிமிருது. ஆனால் அந்தக் கொடி மேசைக்கு எப்படி வருகிறது பாருங்கள்! மாவட்டத்துக்கு ஓர் இலக்கு. மாவட்டத்திலிருந்து துறைக்கு ஓர் இலக்கு. துறையிலிருந்து அலுவலகத்துக்கு. அங்கிருந்து பில் கிளார்க் தலைக்கு! (சிரிப்பு) இலக்கைத் தாண்டினால் அதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ். சான்றிதழ் அவருக்கு, பிடித்தம் நமக்கு. வீரனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நாளிலே ஊழியன், “இந்த வருஷம் எவ்வளவு சார் போட்டிருக்காங்க?” என்று வரி மாதிரிக் கேட்கிறான். நன்றியை இலக்கு தின்றுவிட்டது ஐயா.

எதிரணி அம்மா ஒரு கணக்குச் சொன்னாங்க. “ஒரு நாள் சம்பளம் என்பது எல்லாருக்கும் சமம். பெரிய அதிகாரிக்குப் பெரிய தொகை, கடைநிலை ஊழியருக்குச் சின்னத் தொகை. இதிலே என்ன அநியாயம்?” அம்மா, காகிதத்திலே அது சமம்தான். கடைநிலை ஊழியரின் சம்பளப் பட்டியலை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதி, குடும்பப் பாதுகாப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, கூட்டுறவுச் சங்கக் கடன், தீபாவளிக்கு வாங்கின பண்டிகை முன்பணத் தவணை... எல்லாம் போக மிச்சம் கைக்கு வருவது எத்தனை? மாசத்துக்கு முப்பது நாள் சம்பளம் என்று பேரு. கையிலே நிற்பது பத்துப் பன்னிரண்டு நாள் சம்பளம். அதிலே ஒரு நாள் என்றால் அந்த வீட்டிலே ஒரு வாரத்து மளிகை.

“வருமான வரியிலே கழிவு உண்டே” என்பார்கள். உண்டு. பழைய வரி முறையிலே முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் கழிவு. புதிய வரி முறைக்கு மாறினவர்களுக்கு அது கிடையாது. அட, வரியே கட்டாத அளவுக்குச் சம்பளம் வாங்குகிற மனுஷனுக்கு எந்த முறையிலே கழித்து என்ன? (சிரிப்பு)

பக்கத்து மாநிலத்திலே நடந்ததைச் சொல்கிறேன். 2018 ஆகஸ்டிலே கேரளத்திலே பெருவெள்ளம். ஊரெல்லாம் தண்ணீர். அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாசச் சம்பளம் கேட்டது. தவணையிலும் கொடுக்கலாம். கேட்டதிலே தப்பில்லை. ஆனால் கூடவே ஒரு விதி வைத்தார்கள். கொடுக்க விருப்பமில்லாதவர் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம்! வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. அரசு மேலே போனது. அதே ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதிலே தலையிட மறுத்துவிட்டது. கொடுக்க முடியாத ஒருவர் ‘என்னால் முடியாது’ என்று எழுதிக் கொடுத்து ஏன் தன்னைத்தானே சிறுமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. (கைதட்டல்) இதிலே எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? 2024-லே வயநாட்டிலே மலை சரிந்தபோது அதே கேரள அரசு ஐந்து நாள் சம்பளம் கேட்டது. இந்தத் தடவை சம்மதக் கடிதம் கொடுத்தவர்களிடமிருந்து என்று கேட்டது. பார்த்தீங்களா! ‘இல்லை’யை எழுத வைத்த கையே ‘சரி’யை எழுதிக் கொடு என்று மாறிவிட்டது.

மத்திய அரசு மட்டும் விதிவிலக்கா? 2020 கொரோனா சமயத்திலே வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. மாசம் ஒரு நாள் சம்பளம், ஆட்சேபம் இருந்தால் எழுத்திலே தெரிவிக்கவும், ஊழியர் எண்ணையும் குறிப்பிடவும்! ஊழியர் எண் எதுக்கு ஐயா? நன்றிக் கடிதம் அனுப்பவா? (பலத்த சிரிப்பு)

அமெரிக்காவிலேயும் மத்திய அரசு ஊழியர்களிடம் வருஷா வருஷம் இப்படி நன்கொடை திரட்டுகிறார்கள். 1961-லே அதிபர் கென்னடி போட்ட உத்தரவிலிருந்து வளர்ந்து வந்தது. அங்கே ஊழியர் கையிலே தொண்டு நிறுவனங்களின் பெரிய பட்டியலைக் கொடுக்கிறார்கள். புற்றுநோய் ஆராய்ச்சியா, அநாதைக் குழந்தைகளா, எதுக்கு என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். நான் அதைச் சொல்ல வரவில்லை. அவர்கள் விதிப் புத்தகத்திலே எதையெல்லாம் செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள் கேளுங்கள். மேலதிகாரி தனக்குக் கீழே வேலை பார்க்கிறவரிடம் போய்க் கேட்கக்கூடாது. கொடுத்தாயா, எவ்வளவு கொடுத்தாய் என்று விசாரிக்கக்கூடாது. ஆளுக்கு இவ்வளவு என்று இலக்கு வைக்கக்கூடாது. நூற்றுக்கு நூறு பேர் கொடுக்க வேண்டும் என்று குறி வைக்கக்கூடாது. கொடுக்காதவர் பட்டியல் தயாரிக்கக்கூடாது.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செய்யக்கூடாது என்று அவர்கள் எழுதியிருக்கிற அத்தனையையும் நான் ஒரே நாளிலே செய்திருக்கிறேன்! அதைச் சொல்வதற்கு முன்னாலே, இந்த ஊர் மண்ணிலே நின்றுகொண்டு அதியமானைச் சொல்லாமல் போனால் அது பாவம்.

எதிரணியினர் அதியமானைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். கடையெழு வள்ளல்களிலே ஒருவன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன், அந்த மரபிலே வந்தவர்கள் அரசு ஊழியர்கள் என்றார்கள். சரி. அவன் எப்படிக் கொடுத்தான்? அரும்பாடுபட்டுக் கிடைத்த கனி. சாவை விலக்கும் கனி. அதன் பெருமையை வாய் திறந்து சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டாள். மனசுக்குள்ளே மறைத்து வைத்துக்கொண்டு கொடுத்தான். அதைத்தான் ஔவையே வியந்து பாடினாள். அவன் என்ன, “அமைச்சர் ஒரு நெல்லி, தளபதி ஒரு நெல்லி, யானைப் பாகன் அரை நெல்லி, விருப்பமில்லாதவர் ஓலையிலே எழுதித் தருக” என்று அரண்மனை வாசலிலே ஒட்டினானா? (நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சுடறேன் ஐயா, ரெண்டே நிமிஷம். நான் பட்டியல் தூக்கின கதையைச் சொல்லிடறேன்.

1980-களிலே, ஒரு அலுவலகம், பேரு வேண்டாம். அப்போ சம்பளம் ரொக்கமா கையிலே. ரெவின்யூ ஸ்டாம்பு மேலே கையெழுத்துப் போட்டு வாங்கணும். ஒரு வெள்ள நிவாரணத்துக்கு ஒரு நாள் சம்பளம். அதிகாரி கூப்பிட்டு, “நம்ம ஆபீஸ் நூத்துக்கு நூறு வரணும்ப்பா, அந்த ஆபீஸ் வந்துடுச்சாம்” என்றார். எல்லாரும் போட்டாங்க. ஒரே ஒரு அம்மா மட்டும் போடலே. கணவர் இறந்து, கருணை அடிப்படையிலே பியூன் வேலைக்கு வந்தவங்க. “சார், இந்த மாசம் மட்டும் வேண்டாம் சார்” என்றாங்க. காரணம் சொல்லலே. நானும் கேட்கலே. எல்லார் முன்னாலேயும் சத்தமா, “என்னக்கா, ஒரு நாள் சம்பளம்தானே? தண்ணியிலே சனங்க தவிக்குது, உங்களுக்கு மனசு வரலையா?” என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்தம்மா ஒண்ணும் பேசலே. பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனாங்க.

பல வருஷம் கழித்து, ரெண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, தர்மபுரி பஸ் நிலையத்திலே அவங்களைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து, மனசு உறுத்தின அந்த விஷயத்தைக் கேட்டேன். சிரிச்சாங்க. “எங்க தெருவுல கண்ணு தெரியாத கிழவி ஒண்ணு இருந்துச்சு தம்பி. யாரும் இல்லை. மாசா மாசம் நான்தான் அதுக்கு ராகி வாங்கிப் போடுவேன். அந்த மாசம் மவளுக்கு வேற காய்ச்சல், கையில காசு அவ்வளவுதான் இருந்துச்சு. நீங்க கேட்டீங்க, வெச்சுட்டேன். அந்த மாசம் மட்டும் கிழவிக்கு ராகி வாங்க முடியலை” என்றாங்க.

அந்தக் கிழவி அந்த மாசம் என்ன சாப்பிட்டது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை ஐயா.

(அரங்கில் அமைதி)

ஆனால் எங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டிலே பட்டியலை நான்தான் ஒட்டினேன். நூற்றுக்கு நூறு. வணக்கம்.

(நீண்ட கைதட்டல்)