மீன் கண்ணும் நம் கண்ணும்

(ஜவ்வாதுமலைச் சுற்றுலாவில், ஜமுனாமரத்தூரில் நம் சங்க உறுப்பினர்களிடையே பேசியது)



இந்த மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1968-இல் முதலில் இயங்கியது 38 செ.மீ. தொலைநோக்கி. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1986-இல் 2.34 மீட்டர். குறுக்களவு ஆறு மடங்கு கூடியபோது ஒளி சேகரிக்கும் பரப்பு ஏறக்குறைய 38 மடங்கு ஆகிவிட்டது. வட்டிக்கு வட்டி போட்டுப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

மீனின் கண்ணிலும் இதே கணக்குதான். ஏரியில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சு முழங்கை நீளத்துக்கு வளரும்போது கண்ணும் கூடவே வளர்கிறது. பாப்பா பெரிதாவதால் உள்ளே போகும் வெளிச்சம் கூடுகிறது. விழித்திரையில் விழும் பிம்பமும் பெரிதாகிறது. குஞ்சுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிந்த சின்னப் பொருள், பெரிய மீனுக்குத் தூரத்திலேயே தெரிகிறது.

நம் கண் பிறக்கும்போது சுமார் 17 மி.மீ.; வளர்ந்த பிறகு சுமார் 24 மி.மீ. அத்தோடு சரி. விழித்திரையின் செல்கள் அநேகமாக எல்லாமே தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும். மீனுக்கு அப்படியில்லை. மரத்தில் வருடத்துக்கு ஒரு வளையம் கூடுவதுபோல, விழித்திரையின் ஓரத்தில் வாழ்நாள் முழுக்கப் புதுச் செல்கள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலான மீன் குஞ்சுகள் பொரிந்து வரும்போது, பகல் வெளிச்சத்துக்கு உதவும் கூம்பு செல்கள் மட்டுமே இருக்கும். மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்கள் பிறகுதான் வரும். விழித்திரை விரிய விரிய, புதிய குச்சி செல்கள் இடையிடையே நுழைந்து இடத்தை நிரப்பும். அதனால் பெரிய மீனுக்கு மங்கல் வெளிச்சத்தில் பார்வை குறைவதில்லை.

சில மீன்களுக்குப் பார்வையின் தன்மையே மாறும். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்த வானவில் டிரவுட் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குஞ்சுக்கு, நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி தெரியும். தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களைப் பிடித்துத் தின்ன அது உதவுகிறது. வளர்ந்து பெரிய இரை தேடும்போது அந்தத் திறன் குறைந்துவிடும். ஐரோப்பிய விலாங்கு, ஆற்றை விட்டு ஆழ்கடலுக்குக் கிளம்பும் பருவத்தில் கண் பெருத்து, ஆழ்கடலின் நீல வெளிச்சத்துக்கு ஏற்றபடி கண்ணின் நிறமியையே மாற்றிக்கொள்ளும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? மீனின் விழித்திரையில் காயம் பட்டால், முல்லர் செல்கள் என்பவை பிரிந்து புதுச் செல்களை உண்டாக்கிச் சரிசெய்துவிடும். அதே முல்லர் செல்கள் நமக்கும் உண்டு. ஆனால் அந்த வேலையைச் செய்வதில்லை. மீனுக்கு மாதாமாதம் பணம் சேரும் தொடர் வைப்புக் கணக்கு. நமக்குப் பிறக்கும்போது கொடுத்த ஒரே தொகை. அதிலிருந்து எடுக்கலாம், போட முடியாது.

கண்புரை வந்தால் லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரை நோயில் விழித்திரை கெட்டாலோ, குளுக்கோமாவில் பார்வை நரம்பு கெட்டாலோ, இழந்தது திரும்பாது. இரண்டும் ஆரம்பத்தில் வலிக்காது. பார்வை குறைவதும் தெரியாது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் மீதியைக் காப்பாற்றலாம்.

ஆகவே, ‘எனக்குத்தான் பேப்பர் நன்றாகப் படிக்க முடிகிறதே’ என்று இருந்துவிடாதீர்கள். அறுபதைத் தாண்டியவர்களும், வயது எதுவானாலும் சர்க்கரை உள்ளவர்களும், வருடத்துக்கு ஒரு முறை பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், துணைக்கு ஆள் வேண்டும்.