கடவுச்சொல்லும் கவிச்சொல்லும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



இணையப் பாதுகாப்பு குறித்துப் பேசப் போகிறேன் என்றதும், கவிதை வட்டத்தில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளித்திருக்கலாம். அஞ்ச வேண்டாம். சொற்களைப் பற்றித்தான் பேச வந்துள்ளேன். உங்களிடம் சொல்லைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும் என்பதையும் அறிவேன்.

2019 அக்டோபர் மாதம் நமக்கு இரண்டு செய்திகளைத் தந்தது. முதலாவது நம் ஊர்ச் செய்தி. காந்தியடிகள் பிறந்த நாளன்று காலை, சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு நகைக்கடையின் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை காணப்பட்டது. முகமூடி அணிந்து வந்தோர் ஏறத்தாழ 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிச் சென்றிருந்தனர். மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப் பொடியும் தூவியிருந்தனர். கரவட நூல் கண்ட நம் முன்னோர் பார்த்திருந்தால், மரபு வழுவாத திருட்டு என்று மெச்சியிருப்பர்.

இரண்டாவது செய்தி கூடங்குளத்திலிருந்து வந்தது. அணுமின் நிலையக் கணிப்பொறியில் நச்சு நிரல் புகுந்துவிட்டது என்று மாத இறுதியில் பேச்சு எழுந்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்தார் மறுப்பு வெளியிட்டனர். கட்டுப்பாட்டு அமைப்பு வெளியுலக வலையோடு இணைக்கப்படவில்லை, ஆதலின் அதன்மீது தாக்குதல் இயலாது என்றனர். மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஓர் அறிக்கை தந்தது. நச்சு நிரல் கண்டறியப்பட்டது உண்மையே. நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள வலையில் இருந்த ஒரு கணிப்பொறியில் அது இருந்தது. முக்கியமான அக வலை தனித்தே உள்ளது. செப்டம்பர் 4 அன்றே மைய அரசின் கணினி அவசரநிலைக் குழு இதைக் கவனித்துத் தெரிவித்தது என்றது அவ்வறிக்கை. செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 30-க்கும் இடையே சரியாக எட்டு வாரங்கள்!

இலக்கணம் கற்றோர் இவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். அவை முரண்படவில்லை என்பதே அவற்றின் நயம். ‘நிலையத்துக் கணிப்பொறியில் ஏதேனும் புகுந்ததா?’ என்பது மக்கள் கேட்டது. ‘கட்டுப்பாட்டு அமைப்பில் புக முடியாது’ என்பது கிடைத்த விடை. கேட்ட வினா ஒன்று. மறுத்த வினா வேறு. அகம் வேறு, புறம் வேறு என்று நாம் வகுப்பில் நடத்தும் பாடத்தை அதிகாரிகள் இத்துணைத் திறம்பட ஆள்வர் என்று நான் எண்ணியதில்லை.

அகத்தையும் புறத்தையும் பிரித்து வைத்தால் மட்டும் போதுமா? ஈரானின் நடான்ஸ் அணு ஆலையும் வெளி வலையோடு தொடர்பற்றதாகவே இருந்தது. ஆயினும் ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல் உள்ளே சென்றது. 2010-இல் அது உலகுக்குத் தெரியவந்தது. விரலளவுள்ள சேமிப்புக் கருவி வழியே பரவக்கூடிய நிரல் அது. மதில் தாண்ட வேண்டியதில்லை. உள்ளே செல்லும் மனிதன் தன் சட்டைப் பையிலேயே சுமந்து செல்வான்.

ஏழு திருச்சுற்றுகளை உடைய திருவரங்கத்தார்க்கு அடுக்கடுக்கான காவல் புதிதன்று. 14-ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது அன்றிருந்த மதில்கள் பகையைத் தடுக்கவில்லை. திருமேனியைச் சுமந்து ஊர் ஊராய் அலைந்த மனிதர்களே அதைக் காத்தனர். 1371-இல் அது மீண்டு வந்தது. திருக்குறளின் ‘அரண்’ அதிகாரமும், கோட்டையின் சிறப்பையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு, செயல்திறன் இல்லாதாரிடம் எந்தக் கோட்டையும் கோட்டையன்று என்றே முடிகிறது.

அந்த மனிதரை வெல்லத் திருடன் கையாளும் கருவிதான் சொல். கடவு என்றால் வழி. வழிவிடும் சொல் கடவுச்சொல். அதை உடைக்க வேண்டியதில்லை. உரியவரையே சொல்லவைத்துவிட்டால் போதும்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பது அதன் தலைப்பு. இணைப்பாகக் காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு நச்சு நிரல். உலகெங்கும் பல இலட்சம் கணிப்பொறிகள் பழுதுற்றன. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தது. நம் அகத்திணைக் கவிஞர் எவருக்கும் இத்தனை வாசகர் வாய்த்ததில்லை!

அஃது அகம். இப்பொழுது நடப்பது புறம். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று கிளம்பியுள்ளது. காவலர் உடையில் ஒருவன் தொலைபேசித் திரையில் தோன்றி, உங்கள் பெயரில் குற்றம் பதிவாகியுள்ளது, எவரிடமும் பேசாதீர், திரையை விட்டு அகலாதீர் என்று மிரட்டுகிறான். 2024-இல் லூதியானாவைச் சேர்ந்த பெருந்தொழிலதிபர் ஒருவரிடம் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டி 7 கோடி ரூபாயைக் கறந்துவிட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று, அப்படியொரு கைது முறை சட்டத்திலேயே இல்லை என்று பிரதமர் வானொலியில் விளக்க நேர்ந்தது.

நண்பர்களே, நம் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் எத்தனை முதியோர் தனித்து வாழ்கின்றனர்! பிள்ளைகள் கடல் கடந்து இருக்கின்றனர். ஓய்வூதியம் வங்கியில் இருக்கிறது. அரசாங்கம் என்ற சொல்லுக்கு எழுந்து நின்று பழகிய தலைமுறை அது. பணம் போன பின், வெளியில் சொன்னால் பிள்ளைகள் தம்மை அறிவிலி என்று எண்ணுவரோ என நாணி, வாய் மூடிக் கிடப்பதுதான் இதில் பெருந்துயரம். உடனே 1930 என்ற எண்ணை அழைத்திருந்தால் பணத்தை இடையிலேயே நிறுத்த வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பை நாணம் கெடுத்துவிடுகிறது.

திருடனின் மொழியைச் சற்றே நோக்குங்கள். சிறு வாக்கியங்கள், ஏவல் வினை, கேட்பவரின் பெயர் சொல்லி விளித்தல், எண்ணிப் பார்க்க இடந்தராத விரைவு. எச்சரிக்கை விடுப்போரின் மொழியோ, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து நட்ட, தலையும் காலும் பிடிபடாத நெடுந்தொடர். திருடன் புரியும்படி பேசுகிறான். காவலன் புரியாதபடி எழுதுகிறான். இப்போட்டியில் யார் வெல்வர்?

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. பதினோராம் ஆண்டில் நம் வட்டம் ஒரே ஒரு தாள் எழுதட்டும். ‘காவல் துறை தொலைபேசியில் கைது செய்யாது. அச்சுறுத்தினால் இணைப்பைத் துண்டியுங்கள். ஓ.டி.பி. எண்ணைப் பெற்ற மகனென்று சொல்லிக் கேட்டாலும் கூறாதீர்கள். ஏமாந்தால் அது குற்றமன்று, 1930-ஐ அழையுங்கள்.’ இவ்வளவே. இதைவிட நன்றாக எழுதக்கூடியோர் இந்த அவையில் பலர் உள்ளனர். எழுதியதைத் திருவரங்கத்திலும் உறையூரிலும் வீடு வீடாகச் சென்று, அமர்ந்து, படித்துக் காட்டுவோம். அறிக்கைகளில் கேட்ட வினாவும் சொன்ன விடையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவும் கற்றுக் கொடுப்போம்.

அந்தத் தாளில் கவிஞர் பெயர் அச்சிடப்படாது என்பதை முன்னரே அறிவித்துவிடுகிறேன். அதன் பின்னும் எழுத முன்வருவோர் எத்தனை பேர் என்று காண ஆவலுடையேன்.