டெலிபோன் மிரட்டலும் சுயமரியாதையும்

(கோவையை அடுத்த ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் டெலிபோனில் வரும் தொல்லைகளைப் பற்றியும், அதன் மூலம் நடக்கும் பணப் பறிப்பைப் பற்றியுமாகும். இதற்கு ஒரு கூட்டம் எதற்கு, கருவியை அணைத்து விட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். அது முடியாத காரியம். பொள்ளாச்சித் தோப்புக்காரர் தேங்காய் விலையை அதில்தான் கேட்கிறார். ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கு அதில்தான் பணம் வருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குக் கூலி பாங்கியில் ஏறியதா என்று அதுதான் சொல்லுகிறது. ஆகவே கருவியை விட முடியாது. அதைக் கொண்டு ஏய்ப்பவனைத்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

முதலில் வெறும் தொல்லையை ஒரு வார்த்தையில் முடித்து விடுவோம். கடன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்று சோறு உண்ணும் நேரத்தில் கூப்பிடுகிறார்களே, அது விளம்பரம். இது வேண்டாம் என்பவர்கள் 1909 என்ற எண்ணில் பதிவு செய்து கொள்ளலாம். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், கணக்கு சம்பந்தமான பாங்கி அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும்தான் வர வேண்டும் என்று 2025இல் ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் திருடன் சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்படுகிறவன் அல்ல. வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே உள்ளூர் எண் போலக் காட்டவும் அவனுக்குத் தெரியும். ஆதலால் எண்ணைப் பார்த்து மட்டும் நம்பி விடாதீர்கள். சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்து, பாங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

நிற்க, இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். இப்பொழுது "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒரு புதுப் புரட்டு நாடெங்கும் நடக்கிறது. ஒருவன் கூப்பிட்டு, உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது என்பான். அல்லது, உங்கள் ஆதாரைக் கொண்டு பம்பாயில் ஒரு பாங்கிக் கணக்குத் திறந்து கள்ளப்பணம் போட்டிருக்கிறார்கள் என்பான். பிறகு வாட்சப் திரையில் காக்கி உடுப்புப் போட்ட ஒருவன் வருவான். பின்னால் போலீசு ஸ்டேஷன் போல ஜோடனை இருக்கும். முத்திரை போட்ட வாரண்டு ஒன்றும் அனுப்புவான். உங்களைக் கைது செய்து விட்டோம், திரையை விட்டு நகரக் கூடாது, மனைவி மக்களிடம் கூடச் சொல்லக் கூடாது, உங்கள் பணம் நல்ல பணம்தானா என்று பார்க்க வேண்டும், அதை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள், சோதித்துத் திருப்பித் தருகிறோம் என்பான். அனுப்பிய பின் அவனும் இல்லை, பணமும் இல்லை.

இதற்குப் படிப்பில்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். நம்முடையது பஞ்சாலைச் சீமை. ஆகவே ஒரு பஞ்சாலைக்காரர் கதையையே சொல்லுகிறோம். பஞ்சாபில் லூதியானாவில் வர்த்தமான் நூற்பாலைக் கூட்டத்தின் தலைவர் ஓஸ்வால் என்பவர், பத்ம பூஷண் பட்டம் பெற்றவர், எண்பது வயதைக் கடந்த அனுபவசாலி. 2024ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக் கொண்டு சிலர் அவரைப் பிடித்துக் கொண்டார்கள். ஸ்கைப் திரை முன்னே கண்காணிப்பில் வைத்தார்கள். போலியாக ஒரு சுப்ரீம் கோர்ட்டையே நடத்தி, அன்றைய பிரதம நீதிபதி சந்திரசூட் அவர்கள் விசாரிப்பது போலவும் நடித்து, ஏழு கோடி ரூபாயை வாங்கி விட்டார்கள். புகார் கொடுத்த பின் போலீசார் அதில் ஐந்தேகால் கோடியை மீட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்து, எத்தனையோ பேரிடம் கணக்குக் கேட்டுப் பழகிய ஒருவரே ஒரு திரைக்கு முன் கட்டுண்டு கிடந்தார் என்றால், குறை படிப்பில் இல்லை, பணத்திலும் இல்லை என்பது விளங்கவில்லையா?

குறை எங்கே இருக்கிறது? அதிகாரத்தின் குரலைக் கேட்டவுடன் நடுங்குவதற்கு நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அங்கேதான் இருக்கிறது. தோழர்களே! வீட்டு வாசலில் வந்து குறி சொல்லுகிறவனை நீங்கள் பார்த்ததில்லையா? முதலில், "இந்த வீட்டுக்கு ஒரு கெடுதல் வந்திருக்கிறது" என்பான். இரண்டாவது, "வெளியே சொல்லாதே, சொன்னால் பலிக்காது" என்பான். மூன்றாவது, "பொழுது சாய்வதற்குள் பரிகாரம் செய்" என்பான். நாலாவதாகக் கையை நீட்டுவான். பயம், இரகசியம், அவசரம், பணம் என்ற இந்த நான்கு படிகளும் டெலிபோன்காரனிடத்தில் அப்படியே இருக்கின்றன. அவன் கிரகத்தின் பேரைச் சொன்னான், இவன் சி.பி.ஐ. பேரைச் சொல்லுகிறான். வேறு வித்தியாசம் இல்லை.

நம் கொங்கு நாட்டாருக்கு "ங்க" போடாமல் பேச வராது. மரியாதை நல்ல குணந்தான். ஆனால் முகம் தெரியாதவன் மிரட்டும்போதும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக் கொண்டிருப்பது மரியாதையாகாது, அது பயம். "நீங்க யாருங்க? எந்த ஸ்டேஷனுங்க? நாங்களே நேரில் வந்து கேட்டுக்கிறோமுங்க" என்று அதே "ங்க"வைப் போட்டுக் கேள்வி கேட்கலாமே! மரியாதையும் கெடாது, பணமும் கெடாது.

இனிச் சட்டத்தைப் பாருங்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் திரை மூலம் கைது என்பதாக ஒன்றுமே கிடையாது. கைது செய்கிறவன் நேரில் வர வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைக் கலந்து கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கடைசியாகச் சொன்ன மூன்றும் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவில் இருக்கின்றன. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீசு நோட்டீசை வாட்சப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. உங்கள் சேமிப்பை வாங்கிச் சோதித்துத் திருப்பித் தரும் வேலை எந்தப் போலீசுக்கும், எந்தக் கோர்ட்டுக்கும், ரிசர்வ் பாங்கிக்கும் கிடையாது. இதே 2025இல், ஹரியானாவில் முதிய தம்பதிகள் போலிக் கோர்ட்டு உத்தரவைக் கண்டு ஒரு கோடிக்கு மேல் இழந்ததை முன்னிட்டு, சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இதை எடுத்துக் கொண்டு, டிசம்பரில் சி.பி.ஐ.யை விசாரிக்கச் சொன்னது. யார் பேரைச் சொல்லித் திருடினார்களோ அவர்களே திருடனைத் தேட வேண்டியதாகி விட்டது!

மோசம் போவது நம் ஜில்லாக்களுக்குப் புதிதல்ல. 2009இல் திருப்பூரில் பாசி என்ற கம்பெனி அதிக வட்டி ஆசை காட்டி 900 கோடிக்கு மேல் சுருட்டியது. 2022இல்தான் கோவைத் தனிக் கோர்ட்டு அதை நடத்தியவர்களுக்கு 27 வருஷம் தண்டனை விதித்தது. 2012இல் பெருந்துறை ஈமுக்கோழி விவகாரத்தில் எத்தனை குடியானவர்கள் தலையில் கை வைத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அன்று ஆசை காட்டிப் பறித்தார்கள்; இன்று அச்சங் காட்டிப் பறிக்கிறார்கள். ஆசைக்காரனையாவது, பேராசை ஏன் பட்டாய் என்று கேட்கலாம். அச்சப்பட்டவனை என்ன கேட்பது? யோக்கியமாக வாழ்ந்தவனுக்குத்தான் போலீசு என்றால் அதிக பயம். ஆகவே இந்தத் திருட்டு யோக்கியர்களைத் தேடி வருகிறது.

மறுமுனையில் இருப்பவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏமாற்றி அழைத்துப் போகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள், பர்மா எல்லையில் மியாவதி என்ற இடத்தில் அடைக்கப்பட்டு, இப்படிப்பட்ட மோசடி வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022இல் அவர்களில் சிலரை மீட்டுக் கொண்டு வந்தார்கள். ஆதலால் வெளிநாட்டு வேலை என்று வருகிறவனையும் நன்றாக விசாரியுங்கள். அன்றியும், "உன் பாங்கிக் கணக்கை எனக்கு வாடகைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று நம் பிள்ளைகளிடம் கேட்கிறவர்கள் உண்டு. திருட்டுப் பணம் ஓடுவதற்கு அந்தக் கணக்குகள்தான் வாய்க்கால். சில ஆயிரத்துக்குக் கணக்கைக் கொடுத்தவன் கடைசியில் நிஜமான போலீசிடம் மாட்டிக் கொள்ளுகிறான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? இரகசியமாக வைத்திரு என்று எவன் சொன்னாலும் அவன் திருடன் என்று முடிவு செய்து, அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஓ.டி.பி. என்னும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையில்லை. கொடுப்பதற்குத்தான் தேவை என்பதை வீட்டுப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். இன்றிரவு மின்சாரத்தைத் துண்டிப்போம் என்று செய்தி வந்தால் மின்வாரிய ஆபீசுக்கு நடந்து போய்க் கேளுங்கள். பணம் போய் விட்டதானால் அழுது கொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் கை மாறுவதற்கு முன் அந்தக் கணக்கை நிறுத்தி வைக்க வழியிருக்கிறது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் திருடனுக்கு லாபம். மாவட்டந்தோறும் சைபர் கிரைம் போலீசு ஸ்டேஷனும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஏமாந்தவரைப் பார்த்து ஊர் சிரிக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் விடக் கெட்டது. "மகனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வானோ, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ" என்று எத்தனையோ பெரியவர்கள் புகார் கொடுக்காமல் மனம் நொந்து கிடக்கிறார்கள். திருடன் எடுத்துப் போனது பணத்தை. மானத்தை எடுத்துக் கொள்வது நாமல்லவா? மானம் போக வேண்டியது ஏமாற்றியவனுக்கே ஒழிய ஏமாந்தவருக்கல்ல. நாம் சிரிப்பதை நிறுத்தினால் அவர்கள் வாய் திறப்பார்கள். அவர்கள் வாய் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர் பிழைப்பார்.

ஆகவே தோழர்களே! இன்றிரவு நீங்கள் வீடு திரும்பியதும் உங்கள் தாய் தகப்பனாரிடம், "எவன் மிரட்டினாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக் கொள்ள மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். அதைச் செய்தீர்களானால் இந்தக் கூட்டம் வீணாகவில்லை என்று நாம் திருப்தியடைவோம்.