ஸீனா, ஸாவா?

குற்றாலச் சாரலில் நனைந்து வந்திருக்கிறீர்கள், சுருக்கமாகவே பேசுகிறேன்.

2020 மார்ச் 25 ஊரடங்கில் தென்காசியில் எங்கள் தெரு மத்ரஸாவும் மூடிற்று. ஹஜ்ரத் தம்முடைய பழைய பட்டன் போனில் பிள்ளைகளை ஓதச் சொல்லிக் கேட்டார். என் மகள் சொல்வது 'ஸீன்' எழுத்தா, 'ஸா' எழுத்தா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "காது போச்சுப்பா" என்று கலங்கிவிட்டார்.

காது போகவில்லை. பழைய போன் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். இந்த உரசொலிகளைப் பிரித்துக்காட்டும் ஒலியில் பெரும்பகுதி அதற்கு மேலே! எஞ்சினியரான எனக்கே இது உறைக்க ரெண்டு வாரமாச்சு.

பிறகு ஓதுவதைப் பதிவு செய்து, அவர் மகனுடைய செல்லுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அன்றிரவே குரலில் பதில் வந்தது: "ஸாவுக்கு நாக்கு நுனி மேல்பல் ஓரத்தைத் தொடணும்மா."

மத்ரஸாவை நவீனமாக்குகிறோம் என்று நாலு கம்ப்யூட்டர் வாங்கி உறைபோட்டு மூடி வைக்கிறோம். அதைவிட ஹஜ்ரத்துக்கு நல்ல ஹெட்போன் ஒன்று மேல் என்பேன்.

பிள்ளைகள் இப்போது நேரில்தான் ஓதுகிறார்கள். பதிவும் நிற்கவில்லை, துபாயில் இருக்கும் வாப்பாமார் கேட்கிறார்களே! மைக் வாங்கித்தர விரும்புகிறவர்கள் டீ இடைவேளையில் என்னைப் பிடியுங்கள்.