கல்லில் இருந்த சேரி



ஆசானின் நினைவு நாளில் சினிமாப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதனால்தான் பேசுகிறோம்.

நாம் கூடியிருக்கும் வீரபாண்டியே ஒரு ராஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். கண்ணிழந்த பாண்டிய மன்னன் கௌமாரியை வேண்டிப் பார்வை பெற்றான் என்பது தலக்கதை. சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்க வருகிறவர்கள் அறிந்த கதைதான். ஆக, ராஜா கதை எங்களுக்கு அந்நியமில்லை. 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது தேனிக்குக் கூட்டமாகப் போனோம். ரசித்தோம், அதை மறைக்கவில்லை. குதிரையும் கடலும் ரகுமான் இசையும் யாருக்குத்தான் பிடிக்காது?

கல்கி எழுதியது புனைவு என்பார்கள். சரி. ஆனால் பார்த்தவர்கள் அதைச் சோழர் வரலாறாகத்தானே பேசினார்கள்? 1973-இல் சிவாஜி நடித்த ‘ராஜராஜ சோழன்’ சினிமாஸ்கோப்பில் வந்தது. நம் அப்பாமார் அதைப் பார்த்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. சேரி மட்டும் இரண்டு படத்திலும் எங்கள் கண்ணில் படவில்லை.

இல்லாததை நாங்கள் கேட்கவில்லை. ராஜராஜன் தானே வெட்டிவைத்ததைத்தான் கேட்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களைச் சொல்லும் கல்வெட்டில், வரிக்கணக்கில் சேராத நிலங்களைக் கழித்துக் காட்டுகிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, சுடுகாடு. அந்த வரிசையில்தான் பறைச்சேரி வருகிறது. உழப்பறையர் இருக்கும் சேரி என்று வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டது.

அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். பல ஊர்க் கோயில்களிலிருந்து மன்னன் ஆணையால் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பெயராவது மிஞ்சியது. ஊர்க்கணக்கில் உழப்பறையருக்கு அதுவும் இல்லை, இருந்த இடம் மட்டும்தான்.

படத்தில் தண்ணீர் எவ்வளவு அழகு! அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் இறங்கியவர்கள் பொழுது சாய்ந்ததும் எந்தத் தெருவுக்குத் திரும்பினார்கள்? ஒரு நிமிடம் கேமராவைத் திருப்பியிருந்தால் போதும். ராஜராஜனை வில்லனாக்கச் சொல்லவில்லை. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் ராஜராஜன் காலத்து நிலம் பற்றிப் பேசியதற்கு இயக்குநர் பா. இரஞ்சித் மீது வழக்குப் பதிந்தார்கள். அவர் பேச்சில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அதற்காக, வாயைத் திறந்தாலே வழக்கா?

அன்று படம் முடிந்து கம்பம் பேருந்துக்காக நின்றபோது, எங்களோடு வந்த பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான்: “ராஜராஜன் எங்க ஆளுன்னு ஆளாளுக்குப் போஸ்டர் ஒட்டுறாங்களே, அப்ப நம்ம ஆளுக எங்கண்ணே இருந்தாங்க?”

அடுத்த வாரம் படிப்பகத்தில் அந்தக் கல்வெட்டின் அச்சுப் பிரதியைக் கொடுத்து அவனையே வாசிக்கச் சொன்னோம். தீண்டாச்சேரியில் வந்து நின்றான்.

“இதத்தான் இப்ப காலனிங்கிறாங்களாண்ணே?” என்றான்.